பார்க்க மட்டும்

ஸ்டோரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: சாமான் இருந்தால் நல்ல பெயர் கவுண்டர்காரனுக்கு, இல்லாவிட்டால் திட்டு நமக்கு.

மலேசியாவின் ஈப்போவில் டிராக்டர் உதிரிபாகம் விற்கும் கடையில் நான் ஸ்டோர்காரன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் தவுக்கே, அதாவது சீன முதலாளி, கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். ஏர்கான் அறையில் பெரிய பெட்டி. அதிலிருந்து வயர் இழுத்து கணக்கு மேசை, கவுண்டர், ஸ்டோர் என்று மூன்று இடத்தில் திரை. என் தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

கண் உண்டு, கை இல்லை

மூன்று திரையிலும் ஒரே சரக்குக் கணக்குதான் தெரியும். ஆனால் யார் அதில் என்ன செய்யலாம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். கவுண்டர் கோவிந்தன் எண்களைப் பதியலாம். கணக்கு கிளார்க் ஸ்டெல்லா பதியவும் செய்யலாம், மற்றவர்களின் உரிமையை ஏற்றி இறக்கவும் செய்யலாம். நான் பார்க்கலாம், அவ்வளவுதான். நான் எஸ்டேட் பள்ளியில் மூன்றாவதோடு நின்றவன், கை வைத்தால் கணக்கு நாசமாகிவிடும் என்று தவுக்கேயிடம் சொன்னது கோவிந்தன். செமோர் பக்கத்து எஸ்டேட்டில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்!

பெட்டியைப் பிரித்து அடுக்குவது நான். பிறகு கவுண்டருக்கு நடந்து போய் அவனிடம் சொல்ல வேண்டும். அவன் தேத்தண்ணி குடித்து முடித்து, மனது வந்தால் பதிவான். என் சாமானை நானே பதிகிறேன் என்று தவுக்கேயிடம் போய் நின்றேன். அவர் தலையைத் தூக்காமலே மலாயில் சொன்னார், பார்க்கலாம், தொடக்கூடாது என்று: "தெங்கோக் போலே, ஊசேக் ஜாங்கான்."

ஆணியில் தொங்கிய பெல்ட்

ஒரு நாள் பீடோர் எஸ்டேட்டிலிருந்து லாரிக்காரர் ஒருவர் ஃபேன் பெல்ட் கேட்டு வந்தார். பெல்ட் காலையிலேயே வந்து, என் முதுகுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியாகிவிட்டது. கோவிந்தன்தான் இன்னும் பதியவில்லை. அவன் திரையைப் பார்த்து, ஸ்டாக் இல்லை என்றான். நான் பெல்ட்டைக் கையில் எடுத்துக் காட்டினேன். கணக்கில் இல்லாததை விற்க முடியாது என்று சட்டம் பேசினான்.

தவுக்கே அப்போதுதான் உள்ளே வந்து நின்றார். அதைக் கவனிக்காத லாரிக்காரர் கவுண்டரில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார்: "அண்ணே, அந்த டிவியில இல்லாட்டி போவுது, ஆணியில தொங்குதுல்ல, அதக் குடுங்கலா."

ஸ்டெல்லாவின் மரியாதை

ஸ்டெல்லா பிரசவ லீவில் போக வேண்டியிருந்தது. போவதற்கு முன் அவள் அதிகாரத்தைக் கோவிந்தனுக்கும், பதிகிற வேலையை எனக்கும் கொடுத்துவிடச் சொன்னார், பெல்ட் கூத்தை நேரில் பார்த்திருந்த தவுக்கே. எனக்குப் பாதி சந்தோஷம். கோவிந்தன் மேலே ஏறினால் மறுநாளே என்னை இறக்கிவிடுவான். இருந்தாலும் என் சாமானை ஒரு நாளாவது நானே பதிவேனே.

ஸ்டெல்லா சர்ச்சில் பெண்கள் குழுச் செயலாளராக இருந்தவள். அங்கே பழையவர் எழுந்து நாற்காலியைக் காலி செய்த பிறகுதான் புதியவர் உட்காருவார். எஸ்டேட்டிலும் அப்படித்தானே, ஒரு காட்டுக்கு ஒரு மண்டோர்தான் மேஸ்திரி. அதனால் அவள் முதலில் தன்னை 'பார்க்க மட்டும்' என்று இறக்கிக்கொண்டாள். பிறகு கோவிந்தனை ஏற்றப் போனாள். மெஷின் மறுத்துவிட்டது. ஏற்றுகிற உரிமை அவளிடம் இல்லை, இனி யாரிடமும் இல்லை. கோவிந்தனுக்கு நாற்காலி போனது, எனக்கு விசைப்பலகை போனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள்: "மரியாதையாத்தானே அண்ணே எறங்குனேன். மறுபடி ஏற விடமாட்டேங்குதே."

ஒற்றை விரல்

மெஷின் விற்ற கம்பெனியின் ஆள் கோலாலம்பூரிலிருந்து வந்து சேர்கிற வரைக்கும் கோவிந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இருந்த வேலையையும் சரியாகச் செய்யவில்லை. நாங்கள் ஆணியைப் பார்த்தே வியாபாரம் செய்தோம். வந்தவர் மெஷினைத் திறந்துவிட்டு, இந்த அதிகாரம் எப்போதும் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், ஒருவர் இறங்கினால் இன்னொருவர் தூக்கிவிடலாம் என்றார். தவுக்கே நிறைய யோசிக்கவில்லை. ஒருவர் ஸ்டெல்லா, இன்னொருவர் தானே என்றார். அவருக்கு இனி யார் மேலும் நம்பிக்கை இல்லை. கோவிந்தன் இருந்த இடத்திலேயே இருந்தான். நான் அவனுக்குச் சமமாக ஏறினேன்.

முதலில், புதிதாக வந்த ஒரு ஃபேன் பெல்ட்டைத்தான் பதிந்தேன். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி. அங்கே கவுண்டரில் கோவிந்தன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் திரையில் எண் மாறியது. எழுந்து ஸ்டோருக்கே வந்துவிட்டான். கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஒனக்குப் படிப்பு பத்தாதுன்னுதான் சொன்னேன் மச்சான், அமுக்கத் தெரியாதுன்னு சொல்லலியே."

இப்போது இருவரும் ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறோம். கல்யாண வீடுகளில் கோவிந்தன் எதிரே வந்து உட்கார்ந்தால், நான் பார்ப்பதோடு சரி.