குடம் நின்ற நிமிடங்கள்

பெருமாட்டிப் பக்கம் கோடை வந்தால் தண்ணீர் லாரிதான் கதி. எங்கள் வார்டுக்கு வாரம் இரண்டு நடை வரும். அதில் ஒரு நடையை நிறுத்திய புண்ணியவான் நான்தான். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஓர் ஆய்வுக் குழுவில் கணக்கெடுப்பவனாக இருந்தேன். அரசுத் திட்டம் எந்த வார்டில் எவ்வளவு திறமையாக நடக்கிறது என்று எண்ணில் சொல்வது எங்கள் வேலை. லாரி எத்தனை நடை, எத்தனை வீட்டுக்குத் தண்ணீர், ஆள் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதையெல்லாம் கணினியில் போட்டால் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு மதிப்பெண் வரும். ஒன்று என்று வந்தால் முழுத் திறன். பொருளாதாரம் படித்த எனக்கு அந்த ஒன்றின் மேல் சாமி பக்தியே உண்டு.

எங்கள் வார்டில் லாரி நாளன்று விடியும்போதே அவரவர் குடத்தைத் தெரு முக்கில் வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். குடம் இருந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. அடுத்தவர் குடத்தை யாரும் தொடமாட்டார்கள். லாரியின் ஆரன் சத்தம் கேட்டதும் ஓடி வருவார்கள்.

"எத்தன நிமிசமுங்க நின்னீங்க?" என்று வீடு வீடாகக் கேட்டேன்.

"நாங்க எங்கீங்க நின்னோம்? கொடந்தானுங்க நின்னுச்சு!" என்றார் எதிர்வீட்டு அக்கா.

சொன்னதை மாற்றாமல் எழுது என்பது எங்களுக்கு உத்தரவு. பூஜ்ஜியம் என்று எழுதினேன். வீட்டுக்கு வீடு பூஜ்ஜியம். என் வீட்டுக்கு மனைவியைக் கேட்காமல் நானே போட்டுக்கொண்டேன். பக்கத்து வார்டில் ஒருமுறை யாரோ குடங்களை இடம் மாற்றி வைக்கப்போய் அடிதடியாகிவிட்டது. அன்றிலிருந்து அங்கே ஆள்தான் நிற்பது. அவர்கள் மணிக்கணக்கில் சொன்னார்கள்.

எங்கள் வார்டுக்கு ஒன்று வந்தது. ஏதோ நானே பரீட்சை எழுதி வாங்கியது போல ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அடுத்த வாரமே பஞ்சாயத்து எங்கள் இரண்டாவது நடையைப் பக்கத்து வார்டுக்குத் திருப்பிவிட்டது. குறை உள்ள இடத்துக்குத்தானே கூட்டிக் கொடுப்பார்கள்! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது போலாயிற்று.

வீட்டில் அழுக்குத் துணி மலையாகக் குவிந்தது. மனைவி என் படிவத்தை வாங்கிப் படித்தாள்.

"ஏனுங்க, கொடம் முக்குல நின்னுச்சு, செரி. என்ற காது எங்க நின்னுச்சுன்னு கேட்டீங்களா?"

எனக்கு விளங்கவில்லை.

"லாரி ஆறு மணிக்கும் வரும், பன்னெண்டு மணிக்கும் வரும். ஆரன் சத்தத்த உட்டுட்டா தண்ணி போச்சுங்க. மிக்ஸி போட முடியாது. தோப்பு வேலைக்குப் போவ முடியாது. லாரி வார அன்னிக்கெல்லாம் எனக்கு வேல இல்லீங்க. தெரியுமா?"

தெரியாது. ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது. அந்த நாள்களில் நான்தான் ஊரார் நிமிடங்களை எண்ணப் போய்விடுவேனே. வெட்கமாக இருந்தது.

படிவத்தில் காதுக்கு இடம் கிடையாது என்றார்கள் பஞ்சாயத்து ஆபீசில். மறுபடி அளக்க வேண்டுமானால் ஆள் நிற்க வேண்டுமாம். அடுத்த லாரி நாளன்று பெண்கள் குடங்களை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஆண்களைப் பிடித்து வரிசையில் நிறுத்திவிட்டார்கள். முதல் ஆள் நான். வெயில் மண்டையைப் பிளந்தது. பதினொரு மணிக்கு லாரி வந்தபோது, வேறொரு கணக்கெடுப்பாளர் படிவத்தோடு வந்து எத்தனை நிமிடம் என்று என்னிடமே கேட்டார். "அஞ்சு மணி நேரமுங்க" என்றேன். நிஜமாகவே அழுகை வந்தது.

எங்கள் மதிப்பெண் பாதாளத்துக்குப் போனது. இரண்டாவது நடை திரும்பி வந்தது. எதிர்வீட்டு அக்கா பாயசம் வைத்தார்.

இப்போது மறுபடியும் குடங்கள்தான் நிற்கின்றன. லாரி நாளில் நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்த முதல் நாள், தோப்புக்குக் கிளம்பிய மனைவி, பாதி வழி போனவள் திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, மிக்ஸி போட்றாதீங்க."