மகன் பூட்டி வைத்த பைலை முருகன் திறந்து தந்தான்

முருகனடியார் எல்லாருக்கும் கும்பிடு. நான் அஞ்சாங்கிளாஸ்தான் படிச்சிருக்கேன். எழுத்து கோணலா இருக்கும். மறதி வேற, முன்னப்பின்னயா சொல்லிருவேன். பொறுத்துக்கிடணும். கிருத்திகைக் கூட்டத்தில எழுந்து பேசச் சொன்னாங்க. நாலு பேரு முன்னால எனக்கு வாய் வராது. அதான் எழுதித் தாரேன்.

என் மகன் ரமேஷுக்குச் சின்ன வயசிலேருந்தே வலிப்பு உண்டு. வெளியே யாருக்கும் சொன்னதில்லை. புளியங்குடியில எலுமிச்சங்காய் கமிஷன் கடையில கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். தெரிஞ்சா நிப்பாட்டிருவாங்கன்னு பயம். டாக்டர் சீட்டைக்கூடக் கிழிச்சிப் போட்டிருவான். என்ன மாத்திரை சாப்பிடுதான், எது ஒத்துக்கலை, எல்லாத்தையும் லேப்டாப்பில ஒரு எக்செல் பைல்ல ஏத்தி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வச்சிருந்தான்.

போன ஆடியில கடைக்காரங்களோட குற்றாலத்துக்குக் குளிக்கப் போனான். அருவிக்கு அடியில நிக்கும்போதே வலிப்பு வந்திட்டு. பாறையில தலை அடிச்சி விழுந்தவனைக் கூட வந்தவங்க வெளியே இழுத்துப் போட்டிருக்காங்க. தென்காசி ஆஸ்பத்திரியில சேர்த்தோம். வலிப்பு நிக்கலை. ஒண்ணு அடங்கினா இன்னொண்ணு. நினைவும் திரும்பலை.

"எந்த மருந்தாவது இவருக்கு ஒத்துக்காமப் போயிருக்கா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க.

போயிருக்கு. கல்யாணத்துக்கு முந்தி ஒரு மாத்திரையைச் சாப்பிட்டு, தீப்பட்ட மாதிரி உடம்பெல்லாம் கொப்புளிச்சி, வாயும் கண்ணும் வெந்து சாகக் கிடந்தான். மாத்திரை பேரு எனக்குத் தெரியாது. அன்னைக்குப் பார்த்த டாக்டரும் இப்ப இல்லை.

"அதே மருந்து மறுபடி உள்ளே போனா உயிருக்கே ஆபத்தும்மா. எதுன்னு தெரியாம அடுத்த மருந்தை ஏத்த எனக்குப் பயமா இருக்கு"ன்னாங்க.

மருமக செல்வி லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினா. நானும் பின்னால போனேன். கடைக்கார அண்ணாச்சி பார்த்தாரு. "உள்ளே இருக்குத கட்டத்துக்கு மட்டும் பூட்டுன்னா இப்பவே எடுத்திருவேன். இது பைலைத் திறக்கதுக்கே பூட்டு. கம்ப்யூட்டர் ஒவ்வொரு வார்த்தையா போட்டுப் பார்க்கும். அவரு நினைக்கக்கூடிய பேரையெல்லாம் சொல்லுங்க. இல்லாட்டா மாசக்கணக்கா ஓடினாலும் கிடைக்காது."

செல்வி அவ பேரைச் சொன்னா, பிள்ளை பேரைச் சொன்னா, தெருப் பேரு வரைக்கும் சொன்னா.

"வீட்டில நாய் வளர்த்தீங்களா ஆச்சி? அது பேரு என்ன?"

"அவன் நாயைக் கண்டாலே ஓடுவான்யா"ன்னேன். அந்த நேரத்திலயும் செல்வி சிரிச்சிட்டா. சிரிச்ச வாயோட அழுதா. ஒண்ணுக்கும் திறக்கலை.

மறுநாள் டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசலை. எனக்குப் புரிஞ்சிட்டு. அங்கன இருக்க முடியாம பம்பொழி முருகன் கோயிலுக்குப் பஸ் ஏறிட்டேன். சாரல்ல நனைஞ்சிக்கிட்டே மலை ஏறினேன். சன்னதியில நின்னேன். அழுகை வரலை. "அது இங்கிலீஷுப் பூட்டு. எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்லா"ன்னு மட்டும் கேட்டேன்.

அங்கன எல்லாரும் திருமலைக் குமரான்னு கூப்பிடுவாங்க. நான் முருகான்னு மட்டும்தான் கூப்பிடுவேன். ஏன்னா திருமலை என் மாமனார் பேரு. மாமனார் பேரை மருமக சொல்லப்பிடாது. கல்யாணமாகி வந்ததிலேருந்து சொன்னதே கிடையாது. அன்னைக்கு, திரை விலகி தீபாராதனை காட்டவும், "திருமலையப்பா, என் பிள்ளையைக் கொடு"ன்னு கத்திட்டேன். கத்தின பிறகுதான் நினைப்பு வந்திச்சி. என் பிள்ளைக்கும் அதுதானே பேரு!

தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கது எங்க வழக்கம். வச்ச பேரைச் சொல்லிக் கூப்பிட முடியாதேன்னு ரமேஷ்னு இன்னொரு பேரு வச்சோம். பள்ளிக்கூடத்திலயும் அதையே கொடுத்திட்டோம். தாத்தா மட்டும் "ஏலே திருமலை"ன்னு கூப்பிடுவாரு. அவரு போன பிறகு அந்தப் பேரைச் சொல்ல வீட்டில ஆளில்லை. நானும் மறந்தே போனேன். அவன் மறக்கலை.

செல்விக்குப் போன் போட்டேன். "ஏட்டி, திருமலைன்னு போட்டுப் பார்க்கச் சொல்லு."

"அது யாரு அத்தை?"

"உம் புருசன்தாட்டி!"

அந்தப் பேரோட பிறந்த வருசத்தைச் சேர்த்துப் போடவும் திறந்திட்டு. மாத்திரை பேரைச் சிவப்புல எழுதி வச்சிருந்தானாம். டாக்டரம்மா பார்த்திட்டு அப்பிடியே நாற்காலியில உட்கார்ந்திட்டாங்க. அடுத்து ஏத்த நினைச்சிருந்ததும் அந்த வகை மருந்துதானாம். வேற மருந்து கொடுத்தாங்க. வலிப்பு நின்னுட்டு. கொஞ்ச நாள் கழிச்சிக் கண்ணைத் திறந்தான்.

எல்லாம் சரியாயிட்டுன்னு பொய் சொல்ல மாட்டேன். வலது கை இன்னும் வழங்கலை. பேச்சு இழுக்குது. கடை வேலையும் போயிட்டு. செல்வி பீடி சுத்துதா. சில நாள் அவன் பேசாம விட்டத்தையே பார்த்துக்கிட்டுக் கிடக்கான். ஆனா கிடக்கான். நான் ஊட்டினா வாயைத் திறக்கான். அதுக்கு மேல முருகன்கிட்ட நான் ஒண்ணும் கேக்கலை.

ஆகாத மருந்துப் பேரை இப்ப காலண்டர் பக்கத்தில பெருசா எழுதி ஒட்டியிருக்கு. வாரவங்க பார்க்கட்டும். உங்க வீட்டிலயும் சீக்கு இருந்தா ஒளிக்காதீங்க. வழி தெரியலைன்னா மலைக்குப் போய் வாய்விட்டுக் கேளுங்க. மனசுக்குள்ளேயே கேட்டுக்கிட்டு இருந்தேன், அன்னைக்குத்தான் வாயைத் திறந்தேன்.

இதைப் படிக்கிறவங்க யாராவது செல்விகிட்டக் கேட்டுச் சரிபார்த்துத் தாங்க. அவன் விழுந்தது ஆடிதானா, ஆவணியா, எனக்குக் குழப்பமா இருக்கு. மருந்து வகைன்னு சொன்னது சரியான்னும் கேளுங்க. எது தப்பா இருந்தாலும் திருத்திக்கிடுங்க. பேரை மட்டும் மாத்திராதீங்க. அது திருமலைதான்.