கழிவு ஒயில் பூசிய டயர்

போன வருடம் பங்குனி மாதத் திங்கட்கிழமை ஒன்றில், கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகும் வீதியில் நடந்தது இது. இரண்டு பக்கமும் கடல்நீரேரி, நடுவில் வீதி. இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது எனக்குக் கோபம் வரும்.

பங்குனித் திங்களில் அம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்குவது எங்கள் வீட்டு வழக்கம். பானை, விறகு, அரிசி, பெண்கள், பிள்ளைகள் எல்லாம் சித்தப்பாவின் லாண்ட்மாஸ்டர் பெட்டியில்தான் போவோம். லாண்ட்மாஸ்டர் என்றால் தோட்டம் உழுகிற, இரண்டு சில்லுள்ள சின்ன உழவு இயந்திரம். அதன் பின்னால் கொளுவி இழுப்பதுதான் பெட்டி.

நான் வாகனத் தொழில்நுட்பம் படித்து, ஒரு கராஜில் வேலை செய்கிறேன். எதையும் எழுதி வைத்துப் பார்ப்பது என் பழக்கம். சனிக்கிழமையே பெட்டியின் டயர்களைப் பார்த்துக் கைபேசியில் எழுதினேன். ஒன்று, இடப்பக்க டயரின் பக்கவாட்டில் நகம் போகுமளவு வெடிப்பு. இரண்டு, அதில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். அதன்படி டயருக்கு வயது பதின்மூன்று. மூன்று, அது ஒரு சின்னக் காரில் ஓடிக் கழித்த டயர், பத்துப் பேரின் பாரத்துக்குச் செய்ததல்ல. நான்கு, வலப்பக்க டயரில் காற்றுப் பாதிதான்.

எங்கள் பக்கத்தில் பெட்டிக்கென்று யாரும் டயர் வாங்குவது குறைவு. காருக்கு உதவாது என்று கழற்றியது பெட்டிக்கு வரும். பிறகு மாதக்கணக்காக முற்றத்து வெயிலில் ஒரே இடத்தில் நிற்கும். ஓடாமல் நின்றே றப்பர் செத்துப்போகும். மேலே வரிகள் தெரிந்தால் போதும், நல்ல டயர் என்று விட்டுவிடுவார்கள்.

“எடி பிள்ளை, பிளேனே ஓட்டப் போறம்? உது சும்மா இழுபடுற பெட்டி” என்று சித்தப்பா சிரித்தார்.

“இழுபடுறதுதான் சித்தப்பா. ஏறி இருக்கிறது நாங்களெல்லோ?”

“சரி சரி, திங்களுக்குள்ளை பாக்கிறன்.”

திங்கள் காலை பார்த்தால் இரண்டு டயரும் கன்னங்கரேலென்று மினுங்கின. “இப்ப உன்ரை கண்ணுக்குப் பிடிச்சிருக்கோ?” என்று கேட்டார். மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். மாற்றினேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புதுச் சேலை, கையில் பால் செம்பு. குனிந்து அந்த நான்கு இலக்கங்களை வாசிக்க அரை நிமிடம் போதும். வாசிக்காமல் ஏறினேன்.

கடல்நீரேரியின் மேலுள்ள பாலத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் இடப்பக்க டயர் வெடித்தது. பெட்டி அந்தப் பக்கம் சரிய, முதலில் விறகு போனது, பிறகு பானை, பிறகு அக்காவின் மடியில் இருந்த மூன்று வயது மகள். வீதியோரத்தில் விழுந்து சேற்றுச் சரிவில் உருண்டு, தண்ணீருக்கு ஒரு முழம் இப்பால் நின்றாள். பின்னால் வந்த பஸ் கிரீச்சிட்டு நின்றது. நான் ஓடிப்போய்த் தூக்கும்வரை பிள்ளை அழவில்லை. பிறகு வீரிட்டு அழுதாள். உதடு கிழிந்து இரத்தம்.

அக்காவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போய் டயரைத் தொட்டேன். கையில் கறுப்பாகப் பிசுபிசுத்தது. அதே பழைய டயர். அதே வெடிப்பு. மேலே எஞ்சினிலிருந்து எடுத்த கழிவு ஒயில். ஒயில் றப்பரைத் தின்னும். கெட்டதை மறைத்ததும் போதாமல் இன்னும் கெடுத்திருக்கிறார்.

“சித்தப்பா, ஒயிலே பூசினனீங்கள்?”

“கோயிலுக்குப் போற பெட்டி, வடிவா இருக்கட்டுமெண்டு பூசினன். அதுக்கென்ன இப்ப?”

அம்மாள்தான் காப்பாற்றினாள் என்று பெரியம்மா கும்பிட்டார். அதற்குள் பொங்கலுக்குப் போகும் இன்னொரு பெட்டி வந்து நின்றது. அவர்களிடம் மேலதிகமாக ஒரு சில்லு இருந்தது, எங்களுடையதைவிடப் பெரியது. சித்தப்பா இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதைப் பூட்டத் தொடங்கினார். அளவு வேறு, பெட்டி ஒரு பக்கம் தூக்கி நிற்கும், ஆட்களை ஏற்ற முடியாது என்றேன்.

“ஏன் தங்கச்சி, அம்மாளுக்குப் பொங்கவும் அளவுநாடா கொண்டு வந்தனீரோ?” என்றார் சில்லுத் தந்தவர்.

சிரித்தார்கள். பிள்ளையின் வாயில் இரத்தம் காயவில்லை, சிரித்தார்கள்.

லாண்ட்மாஸ்டரின் எஞ்சினைக் கையால் சுழற்றி ஸ்டார்ட் செய்ய ஓர் இரும்புக் கைபிடி உண்டு, அது இல்லாமல் கிளப்ப முடியாது. அதை எடுத்துக்கொண்டு வீதியின் நடுவில் நின்றேன். பெரியவர்கள் முன்னால் நான் கத்தியது அன்றுதான் முதல் தடவை. “ஒருத்தரும் இதிலை ஏறக் கூடாது! பிள்ளையை முதல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்!”

“பெட்டைக்கு விசர் பிடிச்சிட்டுது” என்றார் சித்தப்பா. கைபிடியைப் பறிக்க வந்தார். அக்கா பிள்ளையோடு எனக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

நின்றிருந்த பஸ்ஸின் சாரதி, “ஏறுங்கோ அக்கா, ஏறுங்கோ” என்று பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றினார். பிள்ளைக்கு மூன்று தையல் போட்டார்கள். அன்று நாங்கள் பொங்கவில்லை. அந்தக் குற்றமும் என் தலையில்தான் விழுந்தது. சித்தப்பா ஆறு மாதம் என்னோடு கதைக்கவில்லை. இப்போது பெட்டிக்குப் புது டயர்கள் பூட்டியிருக்கிறார். தானே யோசித்து மாற்றியதாக ஊரெல்லாம் சொல்கிறார். சொல்லட்டும்.

அவர் மேல் இருந்த கோபம் மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது. எல்லாம் தெரிந்திருந்தும், சேலை கசங்குமே என்று அன்று குனிந்து பார்க்காத என் மேல் இருக்கும் கோபம் மட்டும் பிள்ளையின் உதட்டுத் தழும்பைக் காணும்போதெல்லாம் புதிதாக வருகிறது, அது வரத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.