ஒரே மாத்திரை, எனக்கு மட்டும் ஈறு வீக்கம்

வலிப்புக்காக நானும் என் நாத்தனாரும் ஒரே மாத்திரைதான் சாப்பிட்டு வந்தோம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கோ ஈறு வீங்கி முன்பற்களைப் பாதி மூடிவிட்டது. தம்பி கல்யாணத்தில் போட்டோ எடுப்பார்களே என்று, யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட நினைத்தேன்.

கல்யாணப் புடவை எடுக்கப் புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போகும்போது நாத்தனாரிடம் உளறிவிட்டேன்.

"மேடையில வலிப்பு வந்தா போட்டோ நல்லாருக்குமா மதினி? புடவை அங்கிட்டு கெடக்கட்டும், மொதல்ல டாக்டர்ட்ட வாங்க" என்று இழுத்துப் போனாள்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், "மருந்தைக் கரைக்கிற வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும்மா. ஒங்க ஒடம்பு மெதுவாக் கரைக்குது போல. ரத்தத்துல மருந்து அதிகமாத் தங்கியிருக்கு, அதான் ஈறு வீங்குது. ஆனா நீங்களா நிறுத்தியிருந்தா உசுருக்கே ஆபத்து" என்றார்.

"பாத்தீங்களா, எங்க வம்சம் சுறுசுறுப்பு!" என்றாள் நாத்தனார். டாக்டரும் சிரித்துவிட்டார்.

கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாத்திரைக்கு மாற்றினார். கல்யாணத்துக்குள் வீக்கம் முழுதாக வடியவில்லை. ஆனாலும் எல்லாப் போட்டோவிலும் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் மாத்திரையில் நானாகக் கை வைப்பதில்லை. பல் டாக்டரிடம் போனாலும், பல்லைக் காட்டும் முன்பே என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

– ஒரு வாசகி, திருமயம்