ரசமட்டம் வைத்த வேலி

என் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் மதில் கிடையாது. ஒரு செம்பருத்தி வேலிதான். திண்டுக்கல்லில் அடுத்தடுத்த மனை வாங்கி வீடு கட்டியபோது நானும் மதினியும் சேர்ந்து நட்டது. என் பக்கம் அது காடு. அண்ணன் பக்கம் அது சுவர்.

அண்ணன் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். செடியையும் செங்கல்லாகத்தான் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், இரண்டு முனையிலும் கம்பு நட்டு, நூல் கட்டி, சுவருக்கு மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார். நூலுக்கு மேலே ஒரு இலை தலைகாட்டக் கூடாது. மொட்டா தளிரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சேவுகம்பட்டியில் மல்லிகைக்குக் கவாத்து பண்ணுகிற வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள் இருவரும். அங்கே கத்தரி வைப்பதே பூ வர வேண்டும் என்பதற்காக. இவரோ பூவை வெட்டிப்போட்டுவிட்டு இலையைக் கும்பிடுகிற ஆள்.

“செடின்னா அது இஷ்டத்துக்கு வளரணும்ணே. அதுக்கு எதுக்கு யூனிபாரம் மாட்டிவிடுற?” என்பேன்.

“ஒம் பக்கத்தப் பாரு, தல சீவாத பிள்ள மாதிரி நிக்கிது. பாம்பு வந்து குடியிருக்கப் போகுது” என்பார்.

பாவம், நடுவில் மாட்டிக்கொண்டவர் மதினிதான். சாமிக்குப் பூ வேண்டுமென்றால் என் பக்கத்துக்குத்தான் கை நீட்ட வேண்டும். கிளை கையைக் கீறுகிறது என்று ஒருநாள் அவர் சொல்ல, அண்ணன் வேலியின் நடுவில் இடுப்பு உயரத்தில் ஒரு சன்னல் வெட்டிக்கொடுத்தார். சதுரமாக, நாலு மூலையும் மட்டம் பிசகாமல். அதன் வழியாகப் பூ போகும், பதிலுக்குக் கிண்ணத்தில் பொரியலோ கூட்டோ ஏதாவது வெஞ்சனம் வரும். இன்றைக்கு என்ன குழம்பு என்று குனிந்து கேட்டுக்கொள்வதும் அதன் வழியாகத்தான். அந்தச் சன்னல் விஷயத்தில் மட்டும் அண்ணனின் கத்தரியை நான் குறை சொன்னதே இல்லை.

மதினி போய்ச் சேர்ந்த பிறகு, மகன் வந்து அண்ணனைச் சென்னைக்குக் கூட்டிப்போய்விட்டான். அடுக்குமாடி வீடு. பால்கனியில் துணி காயப்போடத்தான் இடம் இருக்கும். போனில் கூப்பிட்டால் நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். “வேலி எப்படி இருக்கு?” என்றுதான் ஆரம்பிப்பார்.

“அதுக்கென்ன, நல்லாருக்கு” என்பேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. மழை விழுந்ததும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தழைத்து, அண்ணன் பக்கமும் பூத்துக் கொட்டியது. இத்தனை வருடமாக நான் கேட்டுச் சண்டை போட்ட வேலி அதுதான்.

ஆனால் சன்னல் மூடிக்கொண்டது. ஒரு காலையில் பூப்பறிக்கப் போனவள், அது எந்த இடத்தில் இருந்தது என்று தெரியாமல் இலைக்குள் கையை விட்டுத் தேடினேன். அந்த வாரம்தான் அண்ணன் போனில் சொல்லியிருந்தார்: வீட்டை விற்றுவிடலாம் என்று மகன் சொல்கிறான், நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணவேண்டும் என்று. வீடு போய்விட்டால் அண்ணன் இந்தத் தெருவுக்கு எதற்கு வரப்போகிறார்? வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு அண்ணன் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வருவதற்குள் சன்னலையாவது திறந்துவைப்போம் என்று அவர் வீட்டைத் திறந்து கத்தரியை எடுத்துவந்தேன். இடது பக்கம் வெட்டினேன், கோணிக்கொண்டது. அதைச் சரிக்கட்ட வலது பக்கம் வெட்டினேன். பிறகு மேலே, பிறகு கீழே. நிமிர்ந்து பார்த்தபோது சன்னல் இருந்த இடத்தில் கன்றுக்குட்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதைச் சுற்றிலும் வெறும் குச்சி. என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். வழியில் கிடந்த தழையை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆட்டோவை விட்டு இறங்கிய அண்ணன் பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. நேராக வேலி முன்னால் போய் நின்றார்.

“ஏ புள்ள, இது யாரு வேல? ஆடு மேஞ்சுச்சா?”

“நாந்தாண்ணே. சன்னலத் தெறக்கலாம்னு பாத்தேன்.”

குனிந்து ஓட்டை வழியாக என் வீட்டைப் பார்த்தார். தோள் குலுங்கியது. பயந்துபோய்க் கிட்டே போனால், மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார். மதினி போனபின் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஓடிப்போய் நூலையும் ரசமட்டத்தையும் கொண்டுவந்து நீட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“இப்பக் கத்தரி படவே கூடாது. அம்புட்டும் மொட்டையாக் கெடக்கு, எங்க போயி மட்டம் எடுக்க? அது இஷ்டத்துக்கு வளரட்டும், விடு.”

என் வசனத்தை என்னிடமே சொல்கிறார்.

“எம்புட்டு நாளாகும்ணே?”

“மூணு மாசமாவது வேணும். பக்கத்துல இருந்து பாக்கணும். ஒன்ன நம்பியெல்லாம் விட்டுட்டுப் போக முடியாது.”

சாயங்காலம் மகனுக்குப் போன் போட்டார். “வேலி இந்த லட்சணத்துல கெடக்கு. இதப் பாத்துட்டு எவன்டா வீடு வாங்குவான்? தழையட்டும், பெறகு பாப்பம்” என்று சொல்லி வைத்துவிட்டார். மகன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வேலிப் பக்கம் குச்சி முறிகிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். நான் வெட்டிய கோணல் ஓட்டை வழியாக ஒரு கை நீண்டிருந்தது. கையில் மதினியின் கிண்ணம்.

“என்ன வெஞ்சனம்?” என்றது அண்ணன் குரல்.