லைனுக்கு அந்தாண்ட இரண்டு புளியமரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் போளூரிலிருந்து ஒரு தினசரிக்குச் செய்தி அனுப்பிவந்தேன். லைன் என்ற ஒற்றை ஆங்கிலச் சொல் அந்த வேலையை நாள் முழுவதும் சுற்றிச் சுற்றி வந்தது. தபால் நிலையத்தில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். லைன் கிடைக்கவில்லை என்பார்கள். கிடைத்தால், மறுமுனையில் உதவி ஆசிரியர் எதைச் சொன்னாலும் "நாலு லைன் போதும்" என்பார். ரேஷன் கடை வாசலில் நிற்பதும் லைன், போலீஸ்காரர்கள் குடியிருப்பதும் லைன். மலைக்குப் போகும் பஸ்ஸின் ஓட்டுநர் வேறு லைனுக்கு மாற்றல் கேட்டதே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்.

ஜவ்வாது மலை மேல் ஏறினால் இன்னும் இரண்டு சேர்ந்துகொள்ளும். மின்சாரத்துக்குக் கம்பம் மட்டும் நட்டு, இன்னும் கம்பி இழுக்காத இடத்தைக்கூட லைன் என்றார்கள். ஆனால் அங்குள்ளவர்கள் பேச்சில் அதிகம் வந்தது காட்டு லைன். தீ தாண்டாமலிருக்க, மரம் செடி எல்லாவற்றையும் வெட்டிச் செதுக்கி, வண்டிப்பாதை அகலத்துக்கு வெறும் தரையாக விடும் பட்டை அது. ஆடு லைனுக்கு அந்தாண்ட போய்விட்டது என்றால் தேடுகிறவர் முகம் மாறும். மற்ற லைன்களில் கம்பியோ, ஆளோ, எழுத்தோ ஏதாவது ஒன்று இருந்தது. இதில் ஒன்றுமே இருக்கக் கூடாது.

அதன் கனத்தை நான் தெரிந்துகொண்டது ஒரு மாசிக் கடைசியில். முப்பது வீடுகள் கொண்ட ஓர் ஊருக்கு மின்சாரம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மணி நேர நடை. கம்பங்கள் ஊருக்கு வெளியே தரையில் கிடந்தன. வீடுகளுக்குப் புல் கூரை, சாமையும் கேழ்வரகும் போட்டுவைத்த குதிர்களுக்கும் புல் கூரை. ஊரின் மேற்கு ஓரத்தில் ஒற்றையடிப் பாதை. பாதைக்கு அப்பால் ஒரு பெண்ணின் நிலம், அதில் மூன்று புளியமரங்கள். நிலத்துக்கு அப்பால் வற்றிய ஓடை, ஓடைக்கு அப்பால் காட்டு லைன், அதற்கும் அப்பால் காடு. நடந்ததெல்லாம் இவற்றுக்கு இடையில்தான்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். அந்த வருடம் மழை ஏமாற்றியதில் சாமை பதராகிவிட்டது. புளி ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியிருந்தது. பாதையை ஒட்டிய மரத்தை உலுக்கிப் பழத்தைப் பாறையில் காயப்போட்டிருந்தார். மற்ற இரண்டும் கிளை தாழப் பழத்தோடு நின்றன.

மதியம் ஓடைக்கு அப்பால் புகை எழுந்தது. எல்லோரும் பாதைக்கு வந்து பார்த்தார்கள். அன்று ஊரில் இருந்த வனத்துறையின் காட்டு வாச்சர் கலங்கவில்லை. அவர் அடிவாரத்து ஆள்.

"லைன் போட்டிருக்குது. தையிலயே செதுக்கியாச்சி. அதத் தாண்டாது" என்றார்.

"தையில செதுக்குனீங்க. எல எப்போ கொட்டுச்சி?" என்று கேட்டார் அந்தப் பெண்ணின் கொழுந்தனார்.

லைன் செதுக்கிய பிறகுதான் மரங்கள் இலை உதிர்த்திருந்தன. வெறுமையாகக் கிடக்க வேண்டிய பட்டை முழுவதும் கணுக்கால் மூழ்கும் சருகு. அரை மணி நேரத்தில் தீ அதன் மேலேயே நடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது.

பக்கத்தில் நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நூஸ்காரரு வந்தா வெளிச்சம் வரும்னாங்க. வந்துட்டுதுங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தபடியே வேட்டியை வரிந்து கட்டினார்கள்.

யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஆண்களும் பெண்களும் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு பாதை நெடுக நின்று, சருகைத் தீ வரும் பக்கமாகப் பெருக்கித் தள்ளினார்கள். பாறையில் காய்ந்த பழத்தை நான்கு பேர் கூடைகளில் அள்ளி வந்தார்கள். கால் மணி நேரத்தில் ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டி போகும் அகலத்துக்கு வெறும் தரையானது; பாதையை ஒட்டிய மரமும் அதற்குள் வந்துவிட்டது.

எதிர்த்தீ வைக்கப்போகிறார்கள். இங்கிருந்து ஒரு தீயை அனுப்பி இடையில் உள்ளதை எல்லாம் எரித்துவிட்டால், வரும் தீக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. இடையில் இருந்தது அந்தப் பெண்ணின் நிலம். இடுப்பளவு காய்ந்த புல், அதன் நடுவே பழத்தோடு இரண்டு புளியமரங்கள். மரங்களுக்கு அப்பால் போய்ப் பெருக்க நேரமில்லை.

பெருக்கி முடித்தும் யாரும் தீ வைக்கவில்லை. வாச்சர்தான் பதறினார்.

"இன்னாத்துக்கு நிக்கிறீங்க? பத்த வைங்கப்பா."

"எங்க நெலமா அது?" என்றார் கொழுந்தனார்.

"உங்க அண்ணன் நெலந்தானே?"

"அண்ணி நிக்கிறாங்க இல்ல?"

வாச்சர் தன் தீப்பெட்டியை எடுத்தார். என்னிடம் வேடிக்கையாகப் பேசியவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம். எந்த நிலம் எரிய வேண்டுமோ அந்த நிலத்துக்காரர் கையால்தான் எதிர்த்தீ வைக்க வேண்டும். வையுங்கள் என்று கேட்கவும் கூடாது. முப்பது வீட்டுக்காரர்களும் தங்கள் கூரைகளுக்கு முதுகைக் காட்டி, கையில் கிளையோடு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள்.

தீ ஓடைச் சரிவிலேயே தெற்கே இறங்கிவிட்டால் மரங்கள் தப்பும். அவர் அதற்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. குனிந்து ஒரு பிடி சருகை எடுத்துக் கசக்கி, கையை உயர்த்தித் தூளை விட்டார். அது ஊர்ப் பக்கம் பறந்தது. மறுபடி விட்டார், மறுபடியும் ஊர்ப் பக்கம். நான்காவது முறை தூள் காற்றில் தயங்கி நின்று, மெல்லத் திரும்பி, தீயை நோக்கிப் போனது. தீ தனக்கு வேண்டிய காற்றை எங்கள் பின்னாலிருந்து இழுக்கத் தொடங்கியிருந்தது. என் சட்டை முதுகில் ஒட்டியதை அப்போதுதான் உணர்ந்தேன்.

"குடுங்க" என்று வாச்சரிடம் தீப்பெட்டியை வாங்கினார். ஒரு பிடி புல்லைக் கொளுத்திக்கொண்டு, பாதை ஓரமாக நடந்தபடியே தன் நிலத்தைத் தொட்டுத் தொட்டுப் பற்றவைத்தார். மரங்களுக்கு நேரே வந்தபோதும் நடை மாறவில்லை.

அந்தத் தீ எங்கள் பக்கம் ஓர் அடிகூடத் திரும்பவில்லை. முதலில் நடந்தது, பிறகு ஓடியது. மரங்களுக்குள் புகுந்தபோது புளியம்பழ ஓடுகள் சோளம் பொரிவதுபோல வெடித்தன. ஓடைக்கரையில் இரண்டு தீயும் எதிரெதிரே எழும்பி, பனை உயரத்துக்கு ஒரே சுவராக நின்றன. அடுத்த மூச்சில் சுவர் இல்லை. அணைந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்றை ஒன்று தின்று, இல்லாமல் போயிருந்தன. கறுப்புத் தரையும் வெள்ளைப் புகையும்தான் மிச்சம். நோட்டைத் திறந்து நேரத்தை மட்டும் குறித்தேன். பிற்பாடு வெள்ளமும் விபத்தும் எத்தனையோ பார்த்தேன். எதற்கும் நேரத்தை மட்டும் எழுதி நோட்டை மூடியதில்லை.

முதலில் பேசியது கொழுந்தனார். "அண்ணி, சந்தைக்குப் போற அன்னிக்கி எங்க மரத்துதும் உங்க கூடையில போவட்டும்."

"உங்க மரத்துது புழுப் புளி. அத எவன் வாங்குவான்?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கரியைத் துடைத்தாரா என்று தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். "கஞ்சி கீதுங்க. வூட்டுக்கு வந்து குடிச்சிட்டுப் போங்க."

மறுநாள் போளூரில் லைன் உடனே கிடைத்தது.

"யாராவது செத்தாங்களா?" என்று கேட்டார் உதவி ஆசிரியர்.

"இல்லை."

"வீடு?"

"ஒன்றும் எரியவில்லை."

"அப்ப நாலு லைன் போதும்."

இரண்டு புளியமரங்களுக்கு இடம் இல்லாத நாலு லைன் வெளிவந்தது.

அடுத்த மாசியில் மறுபடி போனேன். கம்பங்கள் நின்றன, கம்பி இல்லை. ஒரு மரம் முழுதாகத் துளிர்த்துக் கொஞ்சம் காய்த்திருந்தது. மற்றதில் ஊர்ப் பக்கக் கிளைகள் மட்டும் பச்சை. இம்முறை அந்தப் பெண் மரங்களுக்கு அப்பால், ஓடைக்கரையில் நின்று, கையில் பச்சைக் கிளையோடு பெருக்கிக்கொண்டிருந்தார். நிலத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை வாசல்போலச் சுத்தமான தரை.

"லைன் பாக்க வந்தீங்களா? கம்பி இன்னும் வர்லீங்க" என்றார்.

இலை எல்லாம் கொட்டி முடிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"எங்க முடியுது? மூணு நாளா வந்துட்டுதான் கீறேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சருகு வந்து அந்தத் தரையில் விழுந்தது. பேச்சை நிறுத்தாமல் குனிந்து அதை எடுத்து ஓடைப் பக்கம் போட்டார்.