ஒட்டக மேட்டில் முதல் கியர்

மாட்டுத்தீவன மில்லில் மொத்தம் மூன்று லாரிகள். அதில் பச்சை வண்டி நம் டிரைவருடையது. ஆர்.சி. புத்தகத்தில் முதலாளி பெயர்தான் இருக்கும். ஆனால் அந்த வண்டியின் இருமல், தும்மல், முணுமுணுப்பு எல்லாம் இருபத்துநாலு வருஷமாக அவருக்குத்தான் அத்துப்படி. மூட்டை தூக்க வந்த ஆள் கிளீனராகி, டிரைவராகி, அந்த சீட்டிலேயே தொப்பையும் போட்டுவிட்டார். சீட்டைக் கடைசிப் பல் வரைக்கும் பின்னால் தள்ளியும் ஸ்டீயரிங் வளையம் அவர் சட்டைப் பொத்தானை உரசிக்கொண்டேதான் இருக்கும். உரசி உரசி அந்த இடம் மட்டும் பாலிஷ் போட்டது போல மின்னும்.

நாற்பத்தொன்பது வயதில் மில் விதிப்படி டவுன் கிளினிக்குக்கு உடல் சோதனைக்குப் போனார். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றினாள், காற்றடித்தாள், பார்த்தாள், மறுபடி அடித்தாள். நூற்றுத்தொண்ணூறுக்கு நூற்றுப்பத்து.

"இந்தப் பிரஷரை வெச்சுக்கிட்டு பத்து டன் ஏத்திக்கிட்டு மேடு ஏறினியா?" என்றார் டாக்டர். "இப்ப கையெழுத்துப் போட மாட்டேன். மாத்திரை சாப்பிடு. தினம் நட. மூணு மாசம் கழிச்சு வா."

மில் மேனேஜர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "மூணு மாசம் பச்சை வண்டியை உங்க மச்சினன் ஓட்டட்டும். கடைசி நாள் சாயங்காலத்துக்குள்ள டாக்டர் கையெழுத்து என் மேசைக்கு வந்தா வண்டி உங்களுக்கு. வரலேன்னா அவருக்கே எழுதிடுவேன். நீங்க கேட்டுல உக்காந்து வர்ற வண்டி நம்பரைக் குறிச்சுக்கிட்டு இருங்க."

கேட்டில் ஒரு மர ஸ்டூல் உண்டு. ஒரு கால் குட்டை. வெளியே போகும்போது டிரைவர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதே இவரிடம்தான். வாய் மட்டும் சொந்த முயற்சி. "கவலைப்படாதீங்க மாமா, ஸ்டூலுக்கு நானே மெத்தை தச்சுத் தரச் சொல்றேன் அக்காகிட்ட" என்றான். அக்கா வீட்டு முன்னறையில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிறவர். கத்திரியை மேசையில் வைத்துவிட்டுத் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அவன் இடத்தைக் காலி செய்தான்.

மறுநாள் காலை டிரைவர் நடக்கக் கிளம்பினார். மில்லிலிருந்து டவுனுக்குப் போகும் வழியில் ரோடு இரண்டு மேடுகள் ஏறி இறங்கும். இரண்டு திமிலுக்கு நடுவில் ஒரு பள்ளம். லாரிக்காரர்கள் அதை ஒட்டகம் என்பார்கள். இரண்டு பக்கமும் சோள வயல், கம்பி வேலி, அதற்கு அப்பால் மேய்ச்சல் நிலம். நடப்பதற்கு அருமையான இடம். ஆனால் இருபத்துநாலு வருஷம் ஹார்ன் அடித்துப் போன ரோட்டில் செருப்பு தேய நடப்பது அவருக்குக் கூசியது. போகிற லாரி ஒவ்வொன்றும் தெரிந்த லாரி. ஒவ்வொன்றும் ஹார்ன் அடித்தது. "என்ன அண்ணே, டீசல் தீந்துடுச்சா?" என்று தலையை நீட்டிக் கேட்டான் ஒருத்தன்.

அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கத்தான் அவர் முதலில் ஓடினார். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? உடம்புக்காக ஓடவில்லை, மானத்துக்காக ஓடினார். நூறு அடியில் நாக்கு தள்ளிவிட்டது. வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு மெல்வதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

ஆனாலும் மறுநாள் போனார். அதற்கு மறுநாளும் போனார். வண்டி ஓட்டும் புத்தியையே காலுக்கும் கொடுத்தார். மேடு வந்தால் முதல் கியர்: சின்ன அடி, குனிந்த தலை, அவசரமே கிடையாது. சமதரையில் இரண்டாவது. மூன்றாவது கியர் என்று ஒன்று அந்த உடம்பில் இருந்ததாகத் தெரியவில்லை. மூன்றாவது வாரம் முதல் திமிலின் உச்சியை நிற்காமல் தொட்டார். மேலே நின்று பார்த்தால் மில்லின் தகரக் கூரை தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. லாரியில் மேடு ஏறியபோதெல்லாம் அந்தக் கூரையை அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

சேதி மில்லுக்குப் போய்விட்டது. "முதல் கியர்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏறத் தெரிந்த மனுஷனுக்கு இறங்கத்தான் தெரியவில்லை. லாரிக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டியைச் சும்மா உருள விடுவது. டீசல் மிச்சம். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால் ஆளும் மிச்சமில்லை. அந்தப் பழக்கம் அவர் காலிலும் இருந்திருக்கிறது. ஐந்தாவது வாரம் ஒரு நாள், திமிலிலிருந்து இறங்கும்போது உடம்பைத் தளர்த்திக் கால்களை அதன் போக்கில் விட்டார். காற்று காதில் விசிலடித்தது. ஆஹா என்று இருந்தது. ஆஹா முடிவதற்குள் கால்கள் அவரை விட வேகமாகப் போய்விட்டன. நிறுத்தப் பார்த்தார், பிரேக் இல்லை. வாய்க்காலைத் தாண்டி வேலியில் போய் விழுந்தார். முழங்கால் தோல் போனது, பேண்ட் கிழிந்தது.

மனைவி கிழிசலை விரித்துப் பார்த்தார். துணி கிழிந்திருந்த விதத்திலேயே அவருக்குக் கதை புரிந்துவிட்டது.

"நியூட்ரல்ல இறங்கினீங்களா?"

டிரைவர் சுவரைப் பார்த்தார்.

"எந்தக் கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்குடான்னு என் தம்பியைத் தலையில குட்டிக் குட்டிச் சொன்னது யாரு? நீங்கதானே? அது லாரிக்கு மட்டுந்தானா?"

"கால்ல ஏதும்மா கியர்?"

"அப்ப ஊரெல்லாம் உங்களை முதல் கியர்னு ஏன் கூப்பிடுது?"

இரண்டு வாரம் முழங்கால் மடங்கவில்லை. மச்சினன் பச்சை வண்டியில் வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போவான். டிரைவர் கட்டிலில் படுத்தபடி அந்த ஹார்னைக் கேட்டுப் பல்லைக் கடிப்பார். பிரஷருக்கு அதுவும் நல்லதில்லை. அந்த நாட்களில் அவருக்கு விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஸ்டூலில் உட்கார்ந்தால் முழங்காலாவது பிழைக்கும். ஆனால் பேண்டைப் பார்த்தார். பழைய லாரி சீட்டு ரெக்சினை வெட்டி, முழங்காலில் அழுத்தமாக ஒட்டுப்போட்டு, இரட்டைத் தையல் போட்டு, மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார் மனைவி. தைத்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

மறுபடி ஓடினார். இப்போது இறக்கத்திலும் முதல் கியர். சின்னச் சின்ன அடி, முழங்காலை மடக்கி, உடம்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

கடைசி நாள் வந்தது. டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பினால் பத்து நாள் விடுமுறை. டிரைவர் பதினொன்றரை பஸ்ஸில் ஏறினார். ஒட்டகத்தின் அடிவாரத்தில் பஸ்ஸுக்கு அடியிலிருந்து கட கட என்று ஒரு சத்தம், பிறகு ஒரு முனகல். பஸ் நின்றது. மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

"சின்ன விஷயந்தான், பத்து நிமிஷம்" என்றார் பஸ் டிரைவர்.

அந்தச் சத்தத்தை நம் லாரிக்காரர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். "அண்ணே, கியர்பாக்ஸ் பல்லு போயிடுச்சு. டவுன்லேருந்து ஆள் வராம இது அசையாது." கிளினிக்குக்கு போன் அடித்தார். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. வந்த இரண்டு மோட்டார் சைக்கிளிலும் பின்னால் ஏற்கெனவே ஆள். டவுனுக்கு ஏழு கிலோமீட்டர், நடுவில் இரண்டு திமில்.

பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருக்க, அவர் மாத்திரைச் சீட்டைச் சட்டைப் பைக்குள் திணித்து, பேண்டை மடித்துவிட்டு ஓட ஆரம்பித்தார். "பாவம், அவசரமாப் போகணும் போல" என்றது ஒரு குரல்.

முதல் திமில் ஏறியது தெரியவில்லை. நடுப் பள்ளத்தில் வெயில் உறைத்தது. இரண்டாவது ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. வேலிக் கம்பங்கள் ஒவ்வொன்றாக 'என்னைப் பிடித்துக்கொள்' என்று கூப்பிட்டன. பிடிக்கவில்லை. உச்சியில் மணி பார்த்தார். பன்னிரண்டு முப்பத்திரண்டு. கீழே டவுன் தெரிந்தது. இறக்கம் வழவழவென்று கிடந்தது. நியூட்ரலில் தள்ளினால் ஐந்து நிமிஷம் மிச்சம் என்று கால் சொன்னது. ஒட்டுப்போட்ட முழங்கால் வேண்டாம் என்றது. முழங்கால் சொன்னதைக் கேட்டார்.

பாதி இறக்கத்தில் எதிரே பச்சை வண்டி மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு முக்கி முக்கி வந்தது. மச்சினன் தலையை நீட்டினான். அவன் முகத்தில் கேலி இல்லை.

"மாமா! என்ன ஆச்சு? ஏறுங்க, வண்டியத் திருப்பறேன்!"

"எங்கடா திருப்புவே இந்தக் குறுகல்ல? லோடோட மேட்டுல நிறுத்தாதே, கிளட்ச் கருகிடும்! போடா!"

"மணி பன்னண்டே முக்கால் ஆகப் போகுது மாமா!"

"அதான் ஓடறேன்ல!"

அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. ஹார்னில் கையை வைத்தான், எடுக்கவே இல்லை. வண்டி உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் மறையும் வரைக்கும் அது அலறிக்கொண்டே போனது. அந்தச் சத்தம் முதுகில் கை வைத்துத் தள்ளியது போல இருந்தது அவருக்கு. கியரை மட்டும் அவர் மாற்றவில்லை.

கிளினிக் வாசலில் டாக்டர் பையோடு இறங்கிக்கொண்டிருந்தார். மணி ஒன்றாக ஆறு நிமிஷம்.

"என்னய்யா, யாராவது துரத்தறாங்களா?"

"பஸ்... படுத்துடுச்சு சார். ஒட்டகத்தைத் தாண்டி... ஓடி வந்தேன்."

"ரெண்டு மேட்டையுமா?"

நர்ஸ் பட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "இப்பப் பார்த்தா மிஷினே வெடிச்சுடும் சார்."

டாக்டர் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். ரெக்சின் ஒட்டில் கொஞ்ச நேரம் பார்வை நின்றது. பிறகு பையைக் கீழே வைத்தார். "இருபது நிமிஷம் வாயத் திறக்காம உக்காரு. நான் எங்கயும் போகல."

இருபது நிமிஷம். சுவரில் எலும்புக்கூட்டின் படம் ஒன்று இருந்தது. அதன் முழங்காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டை சுற்றினார்கள். டாக்டர் பார்த்தார். நம்பாமல் இன்னொரு கையிலும் சுற்றச் சொன்னார். நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு.

"நான் நடக்கத்தானே சொன்னேன்?"

"நடந்தா ஹார்ன் அடிச்சுக் கிண்டல் பண்றானுங்க சார்."

டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "மாத்திரையை நிறுத்திடாதே. ஓட்டத்தையும்."

சாயங்காலம் வேறு பஸ் பிடித்து மில்லுக்கு வந்தார். கேட்டில் மூன்று லாரிகளும் வரிசையாக நின்றன. அவர் உள்ளே கால் வைத்ததும் மூன்று ஹார்னும் ஒன்றாக அடித்தன. மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து காகிதத்தை வாங்கினார், படித்தார், தலையாட்டினார். மனைவியும் வந்திருந்தார். கையில் ஊசியும் நூலும் அப்படியே இருந்தன, தையலைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

மச்சினன் பச்சை வண்டியிலிருந்து குதித்து இறங்கிச் சாவியை இரண்டு கையாலும் நீட்டினான். "உங்க வண்டி மாமா. சீட்டை முன்னால இழுத்து வெச்சிருந்தேன். உங்க வயித்துக்காக மறுபடி கடைசிப் பல்லுக்குத் தள்ளிட்டேன்."

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். கதவை அடித்துச் சாத்தினார். காலை எட்டி எட்டித்தான் கிளட்சை மிதிக்க வேண்டியிருந்தது, இத்தனை வருஷமும் வயிற்றுக்காக அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். வயிற்றுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் ஒரு கை நுழைய இடம். கையை விட்டுப் பார்த்தார். இன்னொரு கையையும் விட்டுப் பார்த்தார்.

பிறகு சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைத் தூக்கி, டக், டக், டக் என்று மூன்று பல் முன்னால் இழுத்தார்.

"ஏய் மாப்ளே," என்றார் ஜன்னல் வழியாக, "நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வாசல்ல வந்து நில்லு. உன் தொப்பையும் ஸ்டீயரிங்கைத் தொட ஆரம்பிச்சிடுச்சு."

அக்கா சிரித்த சிரிப்பில் ஊசி கீழே விழுந்தது. தம்பி அதைக் குனிந்து தேட ஆரம்பித்தான். நிமிர்ந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.